யுன் யோ ஜொங்: ஆஸ்கரை மட்டும் வைத்து இவரைப் பேசுவதை எப்போது நிறுத்துவோம்?

செண்பகம் எழுதியது:

தென் கொரிய நடிகை யுன் யோ ஜொங் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரே கதைதான் வருகிறது. 73 வயதில் ஆஸ்கர், விடாமுயற்சி, வயது ஒரு தடையே இல்லை, முடிந்தது. படிக்கப் படிக்க எரிச்சலாக இருக்கிறது. அவர் எழுபது வயது வரை வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்தவர் இல்லை. 1971லேயே உச்சியில் நின்றவர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1947, இப்போது வட கொரியாவில் இருக்கும் கெசொங்கில். ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் கொரிய இலக்கியம் படிக்கும்போது கைச்செலவுக்காகத் தொலைக்காட்சி நிலையத்தில் பகுதிநேர வேலைக்குப் போனார், அங்கிருந்து 1966இல் டிபிசி நிலையத்தின் நடிகர் தேர்வில் தேறினார், படிப்பைப் பாதியில் விட்டார். முதல் சினிமா கிம் கி-யோங் இயக்கிய 'ஹ்வானியோ', 1971. தன்னுடைய 1960ஆம் வருடத்து 'ஹான்யோ' படத்தை கிம் தானே மறுபடி எடுத்தது. கோழிப்பண்ணை நடத்தும் ஒரு குடும்பத்தில் வேலைக்காரியாக வந்து சேரும் கிராமத்துப் பெண்தான் யுன். அறிமுகப் படத்துக்கே கொரியாவின் புளூ டிராகன் விருதும், ஸ்பெயினில் சிட்ஜஸ் விழாவின் சிறந்த நடிகை விருதும். அதே வருடம் எம்பிசியில் 'ஜாங் ஹி-பின்' தொடர், ராணிக்கு எதிராகச் சதி செய்யும் அரசனின் ஆசைநாயகி வேடம். அவர் நடித்த குளிர்பான விளம்பரச் சுவரொட்டிகளில் மக்கள் கண்ணைக் குத்தி ஓட்டை போட்டார்களாம், அந்த அளவுக்கு வெறுப்பு. ஒரு புதுமுகத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்?

அப்புறம் எழுபதுகளின் நடுவில் ஒரு பாடகரைக் கல்யாணம் செய்துகொண்டு புளோரிடா போனார். இரண்டு மகன்கள். 1984இல் திரும்பினார், 1987இல் விவாகரத்து. அப்போதுதான் உண்மையான தண்டனை. விவாகரத்தான பெண்ணை எதற்கு டிவியில் காட்டுகிறீர்கள் என்று நேயர்கள் நிலையத்துக்குப் புகார் சொன்னார்கள். கிடைத்த துண்டு வேடங்களையெல்லாம் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

எனக்கு அவருடைய வாழ்க்கையில் பெரிய விஷயம் இந்த நடுப்பகுதிதான். அவருக்குத் திறமை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் ஒரு சமூகம் அவரைத் தள்ளி வைத்தது. அதைச் சொல்லாமல் "தாமதமாகக் கிடைத்த வெற்றி" என்று எழுதினால் தள்ளி வைத்தவர்கள் எல்லாரும் சுத்தமாகத் தப்பித்துவிடுகிறார்கள்.

---

கடலோரக்காற்று எழுதியது:

அக்கா, நல்ல பதிவு. ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. நடிப்பை விட்டுவிட்டு அமெரிக்கா போனது அவரே எடுத்த முடிவு இல்லையா? கிம் கி-யோங்கோடு 1972இல் 'சுங்னியோ' என்று இன்னொரு படமும் வந்து நல்ல பெயர் வாங்கிய நேரம். யாரும் அவரை விரட்டவில்லை. பத்து வருடம் களத்தில் இல்லாமல் போய்த் திரும்பி வரும் எந்த நடிகைக்கும், எந்த நாட்டிலும், பழைய இடம் அப்படியே இருக்காது. விவாகரத்து ஒரு காரணம், சரி. அது மட்டுமே காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

செண்பகம் எழுதியது:

தம்பி, போனதைப் பற்றி நான் குறை சொல்லவே இல்லை. அந்தக் காலத்துக் கொரியாவில் கல்யாணம் ஆன நடிகை ஒதுங்கிக்கொள்வது சாதாரணம், அதை முடிவு என்று சொல்லலாமா வழக்கம் என்று சொல்லலாமா என்பது தனிப் பேச்சு. நான் சொல்வது திரும்பி வந்த பிறகு நடந்ததை.

வந்த கையோடு 1985இல் 'எமி' என்ற படத்தில் கதாநாயகியாகவே நடித்தார். மகளைக் கடத்தி விற்றவர்களைத் தேடிப் பழி வாங்கும் தாய். அப்படியென்றால் கதவு முதலில் திறந்துதான் இருந்தது. 1987க்குப் பிறகுதான் நிலைமை மாறுகிறது. மாறிய பிறகும் அவரை விடாமல் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு, கதாசிரியர் கிம் சூ-ஹ்யோன். 'எமி' திரைக்கதையும் அவருடையதுதான். கொரியத் தொலைக்காட்சியில் இந்த அம்மாவின் பெயர் இருந்தாலே ஊர் அடங்கிவிடும் என்பார்கள், 1991-92இல் எம்பிசியில் வந்த 'சாராங்கி முவொகில்லே' கொரிய வரலாற்றிலேயே மிக அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்று. அதில் யுன் யோ ஜொங்குக்கு கதாநாயகியின் தாய் வேடம், படித்த, தன் கருத்தைச் சொல்லத் தயங்காத அம்மா. நேயர்கள் புகார் சொன்ன அதே முகம், சில வருடத்துக்குள் நாடே பார்க்கும் தொடரில். இதைச் சாதித்தது அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எழுதத் தெரிந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காக உறுதியாக நின்றார், அவ்வளவுதான்.

---

தமிழ்வாணி எழுதியது:

எனக்கு இவரைத் தெரிந்ததே 'யூன்ஸ் கிச்சன்' மூலமாகத்தான். 2017இல் டிவிஎன் நிகழ்ச்சி, இந்தோனேசியாவில் கிலி திராவாங்கான் தீவில் ஒரு சின்னக் கொரிய உணவகம் நடத்துவார்கள். கடை திறந்த மறுநாளே கடற்கரையை ஒழுங்குபடுத்தும் வேலையில் கடையை இடித்துவிட்டார்கள். மற்றவர்கள் கலங்கி நிற்க, அடுத்த இடத்தில் போய் அதே புல்கோகியை (கொரிய இறைச்சி உணவு) செய்ய ஆரம்பித்துவிட்டார் இந்த அம்மா. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது அவர் முகத்தில் இருக்கும் பதற்றத்தைப் பாருங்கள். ஒரு தட்டு அனுப்பினால் அது நன்றாக இருந்ததா என்று தெரியும் வரை நிம்மதி இல்லை. ஐம்பது வருட அனுபவம் உள்ள நடிகை, வந்து போகும் சுற்றுலாப் பயணிக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

கொரியாவில் இளம் பசங்களுக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்ததே இந்த நிகழ்ச்சிகளால்தான் என்று நினைக்கிறேன். 2013இல் 'நூனா' (அக்கா) நடிகைகள் குரோஷியா போன பயண நிகழ்ச்சியிலும் இருந்தார். அறிவுரை சொல்ல மாட்டார். எனக்கும் அறுபது வயது இப்போதுதான் முதல்முறை, எனக்கும் தெரியாது என்கிற மாதிரி அப்போது ஒன்று சொன்னார், அதை இன்றும் பகிர்கிறார்கள்.

---

முத்துநகர்ராஜா எழுதியது:

எல்லாரும் அவரைக் கொண்டாடுகிறீர்கள், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்கர் வாங்கித் தந்த 'மினாரி' அவருடைய சிறந்த நடிப்பு இல்லை. ஆஸ்கர்காரர்களுக்கு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டார், அதனால் அதற்குக் கொடுத்தார்கள். உண்மையில் கொடுத்திருக்க வேண்டியது 'தி பாக்கஸ் லேடி'க்கு, 2016, இயக்கம் ஈ ஜே-யோங்.

சியோலில் ஜொங்னோ பக்கத்துப் பூங்காக்களில் வயதான ஆண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பாக்கஸ் என்ற சின்ன பாட்டில் சத்துபானத்தை நீட்டி வாடிக்கையாளர் பிடிக்கும் வயதான பெண்கள் உண்டு, இது கற்பனை இல்லை. ஓஇசிடி என்கிற வளர்ந்த நாடுகள் கூட்டமைப்பில் முதியோர் வறுமை மிக மோசமாக இருக்கும் நாடுகளில் கொரியாவும் ஒன்று. அந்த 65 வயதுப் பெண்ணாக யுன் நடிக்கிறார். பாட்டிலை நீட்டும்போது அவர் குரலில் கெஞ்சலும் கிடையாது, கவர்ச்சியும் கிடையாது. காய்கறிக்காரம்மா விலை சொல்வது போலச் சாதாரணமாகக் கேட்கிறார். வாங்கினால் சரி, இல்லையென்றால் அடுத்த பெஞ்ச். அந்தச் சாதாரணத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. அழுது நடித்திருந்தால் நான் பாவம் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

அந்தப் படம் எடுத்து முடிக்கும்போது தனக்கு மனச்சோர்வே வந்துவிட்டது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். படம் பார்த்தவர்களுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது.

(முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து தங்களைச் சாகடித்துவிடும்படி கேட்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர், நினைவு தவறிக்கொண்டிருப்பவர், தனிமை தாங்காதவர். ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் அவர் நிற்கும் காட்சியில் வசனமே பெரிதாக இல்லை. உலகத்தில் யாருக்கும் வேண்டாதவர்களின் கடைசித் தேவையைக் கேட்க ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் யாருக்கும் வேண்டாதவள். இதை 'மினாரி' பாட்டியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

---

நெறியாளர் எழுதியது:

முடிவை எழுதுபவர்கள் ராஜா செய்தது போல முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

பவளமல்லி எழுதியது:

ராஜா அண்ணா, 'பாக்கஸ் லேடி' பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் அதற்காக 'மினாரி'யைக் கீழே இறக்க வேண்டியதில்லை.

அந்தப் படம் 2019 கோடையில் ஓக்லஹோமாவில் குறைந்த பணத்தில், வெயிலில், ஒரு மாதம்கூட எடுக்காமல் முடித்த படம். அவருடைய தோழி ஒருவர் திரைக்கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவில் குடியேறிய கொரியக் குடும்பம், இயக்குநர் லீ ஐசக் சங்கின் சொந்தக் குடும்பக் கதை அது. உங்கள் பாட்டி மாதிரியே நான் நடிக்க வேண்டுமா என்று யுன் கேட்டாராம், வேண்டாம், நீங்களே உருவாக்குங்கள் என்றாராம் அவர். அந்தப் பதிலில்தான் இயக்குநர் மேல் நம்பிக்கை வந்தது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். திரையில் அது தெரிகிறது. அந்தப் பாட்டி பேரனுக்கு ஹ்வாத்து சீட்டு ஆடக் கற்றுக் கொடுக்கிறார், சீட்டை அடித்து இறக்கும்போது வாயில் வசவு. சர்ச்சில் மகள் காணிக்கைத் தட்டில் போட்ட நூறு டாலரைச் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறார். வேறொரு நடிகை என்றால் அந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒரு குறும்புச் சிரிப்பு சிரித்திருப்பார். இவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பணம் வீணாகப் போகிறது, எடுக்கிறார், அவ்வளவுதான்.

(முடிவு வருகிறது.) பக்கவாதம் வந்த பிறகு பாதி உடம்பு கேட்காது. குப்பையை எரிக்கப் போய்க் களஞ்சியமே பற்றிக்கொள்கிறது. அப்புறம் வீட்டுக்கு எதிர்த் திசையில் நடக்க ஆரம்பிக்கிறார். அந்த நடையைப் பாருங்கள். அழுகை இல்லை, திரும்பிப் பார்ப்பதில்லை, கால் இழுக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறார். இதய நோய் என்பதால் ஓடவே கூடாது என்று சொல்லி வளர்த்த பேரன் ஓடி வந்து முன்னால் நின்று மறிக்கிறான். கண்ணில் அவர் காட்டுவது வெட்கம். தான் பாரமாகிவிட்டோம் என்கிற வெட்கம். நம் வீடுகளில் பக்கவாதம் வந்த பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் தெரிந்த கண்தான்.

போர் முடிந்த காலத்தில் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய தன் கொள்ளுப்பாட்டியைச் சின்ன வயதில் அழுக்கு என்று வெறுத்ததாகவும், அதை நினைத்து இப்போது வருந்துவதாகவும் யுன் ஒரு பேட்டியில் சொன்னார். அது இந்த வேடத்துக்குள் எங்கேயோ இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

---

கடலோரக்காற்று எழுதியது:

இந்த இரண்டு படத்துக்கும் நடுவில் இன்னொரு விஷயம் விட்டுப்போகிறது, இயக்குநர் இம் சாங்-சூ. 2003இல் 'எ குட் லாயர்ஸ் வைஃப்' படத்தில் அவர் யுன்னுக்குக் கொடுத்த வேடம், கணவன் சாகக் கிடக்கும்போது வேறொருவரோடு காதலில் இருக்கும் மாமியார். அந்த வயது கொரிய நடிகைகள் பலர் தொடக்கூட மாட்டார்கள். வீட்டைப் பழுது பார்க்கப் பணம் தேவைப்பட்டது, அதனால் ஒத்துக்கொண்டேன் என்று யுன் வெளிப்படையாகச் சொன்னார். பணம் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் நடிகர் நன்றாக நடிப்பார் என்பது அவருடைய நிலையான கருத்து.

இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கலை, தவம், அர்ப்பணிப்பு என்று எல்லாரும் பேசும் இடத்தில் இவர் கூலி பற்றிப் பேசுகிறார். செண்பகம் அக்கா சொல்லும் அந்த நடுப்பகுதி கற்றுக் கொடுத்தது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. சின்ன வேடம், பெரிய வேடம் என்று பார்க்காமல் வசனத்தைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு போவார் என்று கூட நடித்தவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று. 1971இல் வேலைக்காரியாக அறிமுகமானவர், 2010இல் இம் சாங்-சூ அதே பழைய 'ஹான்யோ'வை மறுபடி எடுத்தபோது அந்த வீட்டின் மூத்த வேலைக்காரியாக வந்தார். எஜமானர்களுக்கு எல்லாம் செய்துகொண்டு உள்ளுக்குள் அவர்களை அருவருக்கும் பெண். அந்த வருடம் கொரியாவில் துணை நடிகை விருதுகளை அள்ளினார். அதே வருடம் ஹாங் சாங்-சூவின் 'ஹஹஹா'வும் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. 2012இலும் கானில் இரண்டு படம், 'டேஸ்ட் ஆஃப் மணி', 'இன் அனதர் கன்ட்ரி'. ஆஸ்கருக்கு முன்னால் உலகத்துக்கு இவரைத் தெரியாது என்பது அமெரிக்காவுக்குத் தெரியாது என்பது மட்டும்தான்.

---

யாழ்க்குயில் எழுதியது:

'பச்சின்கோ' பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆப்பிள் டிவியில் 2022இல் வந்தது, மின் ஜின் லீயின் நாவல். ஜப்பானுக்குப் போய் அங்கேயே கிழவியான கொரியப் பெண் சுன்ஜா. இளமையில் கிம் மின்-ஹா, முதுமையில் யுன்.

சோறு வரும் காட்சி ஒன்று போதும். பேரன் ஒரு நிலத்தை வாங்கும் வியாபாரத்துக்காக வேறொரு கொரியக் கிழவியின் வீட்டுக்கு சுன்ஜாவைக் கூட்டிப் போகிறான். சாப்பாடு வருகிறது. ஒரு வாய் சோற்றை வைத்ததும் யுன் மெல்லுவதை மெதுவாக்குகிறார். இது நம் ஊர் அரிசி என்று நாக்கு கண்டுபிடித்துவிட்டது. பேரனுக்கு அது வெறும் சோறு. இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சுன்ஜாவுக்குக் கண் நிறைகிறது. ஜப்பானியர் ஆட்சியில் வெள்ளை அரிசி கொரியர்களுக்கு எட்டாத பொருளாக இருந்ததை, மகள் கல்யாணச் சோற்றுக்காக சுன்ஜாவின் தாய் கடையில் போய்க் கெஞ்சுவதை அதே அத்தியாயத்தில் காட்டுகிறார்கள். இடம்பெயர்ந்து போன யாரும் அந்த இடத்தைச் சும்மா பார்த்துவிட முடியாது. எங்கள் வீட்டில் பெரியம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

---

தமிழ்வாணி எழுதியது:

யாழ்க்குயில் அக்கா, அந்தக் காட்சியை நேற்று இரவு திரும்பப் பார்த்தேன். நன்றி.

அவருடைய மேடைப் பேச்சுகளைப் பற்றியும் பேசலாமா? 2021 ஆஸ்கரில் பிராட் பிட் கையால் விருது வாங்கியதும், தன் பெயரை எத்தனை விதமாகத் தப்பாகச் சொன்னீர்கள், இன்று எல்லாரையும் மன்னித்தேன் என்றார். தன்னை வேலைக்குப் போகச் சொல்லி விரட்டிய இரண்டு மகன்களுக்கு நன்றி, அம்மா உழைத்ததற்குப் பலன் இது என்றார். அதே விருதுக்குப் போட்டியில் இருந்த கிளென் க்ளோஸை எப்படி நான் ஜெயிக்க முடியும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேடம், இதில் போட்டி எங்கே வந்தது என்று கேட்டார். கடைசியில் கிம் கி-யோங்கின் பெயரைச் சொன்னார்.

---

செண்பகம் எழுதியது:

அந்தப் பெயர்தான் என்னை உருக்கியது, வாணி. கிம் கி-யோங் 1998இல் வீட்டில் பிடித்த தீயில் மனைவியோடு இறந்துபோனார். பெர்லின் விழாவில் அவர் படங்களைத் தொகுத்துத் திரையிட இருந்த நேரம். அவர் எடுத்த கடைசிப் படத்திலும் யுன்தான் நடித்தார், அவர் உயிரோடு இருக்கும்போது அது முறையாகத் திரைக்கே வரவில்லை. யுன் ஆஸ்கர் மேடையில் அவரைச் சொன்ன பிறகு, 2021 மே மாதம் 'ஹ்வானியோ' சியோல் திரையரங்குகளில் மறுபடி ஓடியது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம்!

விருதுக்குப் பிறகு அவருடைய முன்னாள் கணவர் பத்திரிகைகளிடம் கருத்துச் சொல்ல, கொரிய மக்கள் அவரைச் சும்மா விடவில்லை. அவளுடைய வெற்றியில் உனக்கு என்ன பேச்சு என்று கொதித்தார்கள். 1987இல் விவாகரத்தானவளைத் திரையில் காட்டாதே என்று சொன்ன அதே நாடு. இந்த ஒரு மாற்றத்துக்காகவாவது அந்த ஆஸ்கரை நான் மதிக்கிறேன்.

---

முத்துநகர்ராஜா எழுதியது:

பிராட் பிட் எப்படி வாசனை அடித்தார் என்று ஒரு நிருபர் கேட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மோந்து பார்க்கவில்லை, நான் நாய் இல்லை என்று சொன்னார். வெள்ளைக்கார நிருபர்கள் ஆசியப் பாட்டி என்றால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைப்பதற்கு அதைவிட நேரான பதில் கிடையாது. ஹாலிவுட் மேல் எனக்கு ஒரு ஆசையும் இல்லை, அமெரிக்காவில் வேலை வந்தால் என் பிள்ளைகளைப் பார்க்கலாம், அதனால் போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

பவளமல்லி, அந்தக் கடைசி நடையை நீங்கள் சொன்ன பிறகு திரும்பப் பார்த்தேன். ஆனாலும் என் ஓட்டு 'பாக்கஸ் லேடி'க்குத்தான்.

---

பவளமல்லி எழுதியது:

இருக்கட்டும் அண்ணா.

2025இல் வந்த 'தி வெட்டிங் பேங்க்வெட்' பற்றி ஒன்று. ஆங் லீயின் 1993 படத்தை ஆண்ட்ரூ ஆன் மறுபடி எடுத்தது, யுன் அதில் தன்பாலின ஈர்ப்புள்ள பேரனின் கொரியப் பாட்டி. பட வெளியீட்டையொட்டி, தன் மூத்த மகனும் தன்பாலின ஈர்ப்பாளர் என்று அவரே சொன்னார். மகன் அதை வீட்டில் சொன்னது 2000இல் என்றும், நியூயார்க்கில் அந்தத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆனதும் குடும்பமே அங்கே போய்க் கல்யாணம் நடத்தி வைத்தது என்றும் சொன்னார். கொரியாவில் அத்தனை வருடம் அது ரகசியம். தன்பாலினத் திருமணத்தை இன்றுவரை சட்டம் ஏற்காத நாடு அது. பேரனிடம் பாட்டி பேசும் வசனமும் தன் மகனோடு நடந்த பேச்சிலிருந்து வந்தது என்றார்.

---

கடலோரக்காற்று எழுதியது:

மகனின் விஷயத்தைத் தாய் பொதுவில் சொல்லலாமா என்று எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் எழுபத்தேழு வயதில், கொரியாவில் அவ்வளவு பெரிய பெயரோடு, மருமகனைத்தான் மகனைவிட அதிகம் பிடிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது அந்த ஊரில் ஒளிந்து வாழும் எத்தனை பிள்ளைகளின் அம்மாக்கள் அதைப் படித்திருப்பார்கள்! அறுபதுக்கு மேல் பிடித்தவர்களோடு மட்டும்தான் வேலை செய்வேன், அந்தச் சொகுசை நான் சம்பாதித்துவிட்டேன் என்று சொன்னவர். பேச்சிலும் அந்தச் சொகுசை எடுத்துக்கொண்டுவிட்டார் என்று படுகிறது. நான் அவர் பக்கம்தான்.

---

புதியவன் எழுதியது:

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். 'சென்ஸ்8' தொடரில் நடிகை பே டூனாவோடு சிறையில் வரும் அந்த அம்மா இவர்தானா! எதில் தொடங்குவது என்று சொல்லுங்கள். கொரியப் படங்கள் அதிகம் பார்த்ததில்லை.

---

செண்பகம் எழுதியது:

அவரேதான். முதலில் 'மினாரி' பாருங்கள், ராஜா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்புறம் 'பச்சின்கோ' முதல் பருவம், அதை வேகமாக ஓட்டாதீர்கள். 'பாக்கஸ் லேடி'யை மனம் தெம்பாக இருக்கும் நாளில் பாருங்கள், ராத்திரி தனியாக வேண்டாம். 1960 'ஹான்யோ'வைப் பார்த்துவிட்டு 2010 படத்துக்குப் போனால் அந்த மூத்த வேலைக்காரியின் ஒவ்வொரு பார்வையும் வேறு மாதிரித் தெரியும். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் பழைய படங்கள் நிறையவற்றை ஆங்கில வசனத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறது, அங்கே தேடுங்கள். 'ஹ்வானியோ' நல்ல பிரதியாகக் கிடைத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அதற்கென்று தனி இழை தொடங்கலாம்.